இருபத்துமூன்று அக்டோபர் ஒன்பதுகள்

2018 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணி பத்து நிமிடம். ஒரு உரச்சாக்கில் பதினொரு டைரிகள். சுமந்து வந்தவர் தனுஷ்கோடி, வயது ஐம்பத்தெட்டு.

சிவகாசி ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் மரியபுஷ்பத்தின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏழு மணிக்கு வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டீச்சர், நான்தான்."

"யாரா இருந்தாலும் ஏழு மணி."

தனுஷ்கோடி தெருவிலேயே நின்றார். பால்காரர் இரண்டு முறை கடந்து போனார். இரண்டாம் முறை சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னும் திறக்கலையா?"

"எழுதுறாங்க."

"தினமுமா?"

"தினமும்."

"எங்க வீட்டு மாடு தேவலை. அதுவே ஞாயித்துக்கிழமை கொஞ்சம் அசந்து படுத்துக்கும்."

மரியபுஷ்பத்துக்கு வயது நாற்பத்தொன்பது. ஒரு டைரி அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஐந்து நாவல்கள் எழுதியவர். யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. தன்னைவிட ஒன்பது வயது மூத்தவர் 'டீச்சர்' என்று கூப்பிடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பதிலுக்கு 'அண்ணாச்சி' என்றார். பதினோரு வருடமாக இருவரும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் தனுஷ்கோடி முதல் முறை வந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நாவல் எப்படி எழுதுறது?"

மரியபுஷ்பம் உள்ளே போய் ஒரு டைரியைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை கோணலாக ஒட்டிய, விற்க முடியாத டைரி. அச்சகத்தில் ஒதுக்கிப்போடும் அப்படிப்பட்ட டைரிகளில்தான் அவரும் எழுதினார்.

"நல்ல டைரியில எழுதலாமே டீச்சர்?"

"நல்ல டைரியப் பார்த்தா நல்லா எழுதணும்னு தோணிரும்."

அவர் முறை எளிமையானது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், அந்தத் தேதியின் பக்கம். பக்கம் தீர்ந்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் நிறுத்திவிட வேண்டும். எழுதாமல் விட்ட நாளின் பக்கம் காலியாகவே இருக்க வேண்டும். பிறகு போய் நிரப்பக் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது.

தனுஷ்கோடி அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது.

"முடிஞ்சுது டீச்சர்."

"நாவலா?"

"மூணு தடவ திருப்பி எழுதிட்டேன். மதுரைப் பதிப்பகத்துக்காரன் ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டான். உயிர் இல்லையாம்." அவர் சாக்கைத் தரையில் வைத்தார். வைத்த விதத்தில் கோபம் தெரிந்தது. "ஒருத்தன் கைய மிஷின்ல விட்ட கதை. அதுல உயிர் இல்லைன்னு கையெழுத்துப் போட்டு அனுப்புறான். அவனுக்குக் கை இருக்குதுல்ல, அந்தத் திமிரு."

"உக்காருங்க."

"உக்கார வரல. நீங்க படிக்கணும். ஏன் உயிர் இல்லைன்னு சொல்லணும். இந்தப் புத்தகத்தோட முதல் பிரதிய இருளப்பன் கையில கொடுக்கணும் டீச்சர். அதுக்குத்தான் பதினொரு வருஷம்."

இருளப்பன் தனுஷ்கோடியின் மனைவியின் தம்பி. இருவரும் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். எந்த அச்சகம் என்பது இங்கே தேவையில்லை. அது இப்போது இல்லை. தனுஷ்கோடி கட்டிங் மிஷின் ஓட்டினார். இருளப்பன் அவருக்கு உதவியாள்.

அந்த மிஷினில் கத்தி இறங்க இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டையும் அமுக்க வேண்டும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் கத்திக்குக் கீழே கை இருக்காது. டைரி சீசனில் வேகம் போதாது என்று, ஒரு பொத்தானில் அட்டையைச் சொருகி அமுங்கியபடியே வைத்துவிடுவார்கள். பிறகு ஒரு கை போதும். மறு கையால் தாளைத் தட்டிச் சரிசெய்யலாம்.

2006 அக்டோபர் 9, திங்கட்கிழமை, மாலை மூன்று நாற்பதுக்கு இருளப்பன் வலது கையால் பொத்தானை அமுக்கினார். இடது கையின் நான்கு விரல்கள் போயின.

முதலாளி தங்கையாதான் அட்டையைச் சொருகச் சொன்னார் என்று தனுஷ்கோடி வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு நடந்தது. தங்கையாவுக்குத் தண்டனை கிடைத்தது. அச்சகம் கைமாறியது. 2013இல் தங்கையா இறந்தார். தனுஷ்கோடி ஒவ்வொரு மே தினத்திலும் மேடையேறி இதைப் பேசினார். நாவலும் இதுதான்.

மரியபுஷ்பம் டைரிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். படிக்கவில்லை. நின்றபடியே புரட்டினார். அரைமணி நேரம் ஆனது. பிறகு பதினொன்றையும் தரையில் வரிசையாக விரித்து வைத்தார். எல்லாவற்றிலும் ஒரே தேதி திறந்திருந்தது. அக்டோபர் 9. பதினொன்றும் காலி.

"இது என்ன அண்ணாச்சி?"

"அன்னைக்கு எழுதுறதில்ல. மாப்ள கை போன நாளு. மரியாதை."

"யாருக்கு?"

"அவனுக்குத்தான்."

"அவரு கேட்டாரா?"

"இதெல்லாம் கேட்டா செய்வாங்க?"

"அப்ப அந்த நாளோட அத்தியாயத்த எப்ப எழுதுனீங்க?"

"முப்பத்தொண்ணாம் அத்தியாயமா? ஒரு மார்ச்சுல. பிடிக்காம, அப்புறம் ஒரு ஜூன்ல."

மரியபுஷ்பம் ஜூன் மாதத்தைத் தேடி எடுத்து ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். "'முதலாளி சொன்னபடி இடது பொத்தானில் ஒரு அட்டை இருந்தது.'" நிமிர்ந்தார். "என்ன அட்டை?"

"அட்டைதான்."

"அன்னைக்கு இருளப்பன் மத்தியானம் என்ன சாப்பிட்டாரு?"

"புளிச்சோறு. கத்தரிக்கா வத்தல்."

"தங்கையா என்ன செருப்பு போட்டிருந்தாரு?"

"வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பு. எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கீங்க. மிஷின்ல என்ன பேப்பர்?"

"அடுத்த வருஷ டைரி. மூணு பக்கமும் வெட்டு. ரெண்டு பக்கம் முடிஞ்சிருந்துச்சு."

"பொத்தான்ல என்ன அட்டை?"

தனுஷ்கோடி குனிந்து ஒரு டைரியை மூடினார்.

"சிகரெட் அட்டையா? காலண்டர் அட்டையா? எந்த நிறம்?"

"எனக்கெப்படித் தெரியும்? ஏதோ ஒரு அட்டை!"

"செருப்புல குத்தின ஊக்கு தெரியுது. கைய வாங்கின அட்டை தெரியல."

"டீச்சர், நான் நாவலக் கொண்டாந்தா நீங்க போலீஸ் ஸ்டேஷன் நடத்துறீங்க."

"போலீஸ்காரன் யாருன்னு கேப்பான். நான் என்னன்னு கேட்டேன்."

தனுஷ்கோடி எழுந்துவிட்டார். முகம் சிவந்துபோயிருந்தது. "அஞ்சு நாவல் எழுதிட்டா எல்லாரும் உங்களுக்குப் பாத்திரமா? நீங்க எப்பவாவது மிஷின் பக்கத்துல நின்னிருக்கீங்களா? ஃபேனுக்குக் கீழ உக்காந்து சிவப்புப் பேனாவால கால் போட்டாச்சா, கொம்பு போட்டாச்சான்னு பாக்குற ஆளுக்கு ரத்தம்னா என்ன தெரியும்? உங்க டைரியில காலி பக்கமே இல்லையா?"

"இருக்கு. 2011ல நாப்பது."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"டைஃபாய்டு."

தனுஷ்கோடி டைரிகளை அள்ளிச் சாக்கில் திணித்தார். ஒன்று கீழே விழுந்தது. குனிந்தபோது மரியபுஷ்பம் அதைக் காலால் அவர் பக்கம் தள்ளினார். மரியபுஷ்பத்தின் குரல் அப்போதுதான் உயர்ந்தது.

"எழுத முடியாத நாளுக்குத்தான் காலி பக்கம். ஒளிச்சுவைக்கிறதுக்கு இல்ல. என் முறையக் கொண்டுபோய் பதினொரு வருஷம் பூட்டுப்போட்ட பீரோவா வச்சிருந்திருக்கீங்க. இனி என் பேரச் சொல்லி எங்கயும் எழுதாதீங்க."

"எழுதல. போதுமா? எழுதவே மாட்டேன்."

அவர் வாசலைத் தாண்டியபோது, "நில்லுங்க," என்றார் மரியபுஷ்பம். உள்ளே போய் இன்னொரு டைரியைக் கொண்டுவந்து சாக்கின் மேல் போட்டார்.

டைரி பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சாகும். பதினாறு பக்கம் ஒரு பாரம். மடித்த பாரங்களைத் தனித்தனி அடுக்காக வைத்திருப்பார்கள். அடுக்குக்கு ஒன்றாக எடுத்துச் சேர்த்தால் ஒரு வருடம் வரும். இந்த டைரிக்கு யாரோ ஒரே அடுக்கிலிருந்து இருபத்துமூன்று பாரங்களை எடுத்துத் தைத்துவிட்டார்கள். திறந்தால் அக்டோபர் 3. பதினாறு பக்கம் கழித்து அக்டோபர் 18. அடுத்த பக்கம் மறுபடியும் அக்டோபர் 3. கடைசி வரைக்கும் அப்படித்தான். ஜனவரி இல்லை. டிசம்பர் இல்லை.

தனுஷ்கோடி புரட்டிப் பார்த்தார். புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் டைரியைத் தெருவில் வீசினார். அது எதிர்வீட்டுச் சுவரில் பட்டு விழுந்தது.

மரியபுஷ்பம் கதவைச் சாத்திக்கொண்டார்.

எட்டு மணிக்கு அவர் பால் பாத்திரத்தைக் கழுவி ஊற்ற வெளியே வந்தபோது டைரி அங்கே இல்லை.

தனுஷ்கோடி மறுநாள் காலை எழுதத் தொடங்கினார். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அன்றைய தேதி என்னவாக இருந்தாலும் பக்கத்தின் தேதி அக்டோபர். பதினாறு நாளுக்கு ஒருமுறை ஒன்பதாம் தேதி வந்தது.

முதல் ஒன்பதாம் தேதியை அவர் காலியாக விட்டார். டைரியோடு மறுபடி மரியபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்தார்.

"ஏன்?" என்று மரியபுஷ்பம் கேட்டார்.

"பொங்கல்."

இரண்டாவதில் பக்கம் முழுக்கத் தங்கையாவைத் திட்டி எழுதியிருந்தார். மரியபுஷ்பம் மூன்று வரியோடு டைரியைத் திருப்பிக் கொடுத்தார்.

"மிச்சத்தையும் படிங்க."

"மே தினத்துக்கே கேட்டுட்டேன். என்ன அட்டை?"

மூன்றாவது வந்தபோது தனுஷ்கோடி டைரியை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மரியபுஷ்பத்தைப் பற்றியது. 'அடுத்தவன் பிழையைத் தின்று வயிறு வளர்க்கிறவள். அவள் வீட்டுக் கதவு ஏழு மணிக்குத் திறக்கும். மனசு அப்போதும் திறக்காது. செத்தால் எமனையும் ஏழு மணிக்கு வரச் சொல்லுவாள்.'

மரியபுஷ்பம் அதை இரண்டு முறை படித்தார்.

"இது நல்லா இருக்கு."

"உங்களத் திட்டியிருக்கேன் டீச்சர்."

"தெரியுது. இந்தப் பதினொரு வருஷத்துல இந்தப் பக்கத்துலதான் ஒரு ஆள் நிக்கிறான். என்ன அட்டை?"

"உங்களுக்கு வேற கேள்வியே கிடையாதா?"

"இதுக்குப் பதில் வந்தா வேற கேக்குறேன்."

நான்காவது முறை அவர் வரவில்லை. ஐந்தாவது முறை வந்தார். மரியபுஷ்பம் படித்துவிட்டு டைரியை மடியில் வைத்துக்கொண்டார்.

"நாவல்ல நீங்க மிஷின் பக்கத்துல நின்னீங்க. கத்தி இறங்குறதப் பார்த்துக் கத்துனீங்க. மூணு பக்கத்துக்குக் கத்துனீங்க."

"ஆமா."

"இதுல டீக்கடையில நிக்கிறீங்க."

"ஆமா."

"எது?"

"டீக்கடை."

"மிஷின யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்க?"

"மாப்ளகிட்ட. 'பத்து நிமிஷம் பார்த்துக்க'ன்னு சொல்லிட்டுப் போனேன்."

"டீக்கு என்ன தின்னீங்க? வடையா, பஜ்ஜியா?"

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு."

"வடையா, பஜ்ஜியா?"

தனுஷ்கோடி தரையைப் பார்த்தார். "வடை. பாதியத்தான் தின்னேன். பாதி தின்னும்போது சத்தம் கேட்டுச்சு."

அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். டைரியை மறந்து வைத்துவிட்டுப் போனார். மரியபுஷ்பம் அச்சகத்துக்குப் போகும் வழியில் அதை அவர் வீட்டில் கொடுத்தார். அவருடைய மனைவி சீனியம்மாள் வாங்கிக்கொண்டார்.

"என் தம்பி கதைய எழுதி எழுதி இவரு பாதியாப் போயிட்டாரு," என்றார் சீனியம்மாள். "இன்னும் எத்தன நாளைக்கு?"

"தெரியல," என்றார் மரியபுஷ்பம்.

அதன் பிறகு நான்கு ஒன்பதாம் தேதிகளுக்குத் தனுஷ்கோடி எதையும் காட்டவில்லை. பத்தாவதைக் காட்டினார். பக்கத்தில் எழுத்து இல்லை. பேனாவால் ஒரே இடத்தில் குத்திக் குத்தி ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை அக்டோபர் 11 வரைக்கும் போயிருந்தது.

"தாளைக் கிழிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்," என்றார் மரியபுஷ்பம்.

"கிழிக்கல. குத்துனேன்."

2018 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்குக் கதவு திறந்தபோது தனுஷ்கோடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. தட்டவில்லை. டைரியைத் திறந்து பதினோராவது ஒன்பதாம் தேதியைக் காட்டினார்.

பக்கம் பாதிதான் நிறைந்திருந்தது.

'காலையில் பொத்தானில் இருந்தது பெட்டி அட்டை. பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். பார்த்தார். பிடுங்கி எறிந்தார். ரெண்டு கையாலும் அமுக்குடா, உனக்கு ரெண்டு கை எதுக்குக் கொடுத்திருக்கு என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் போனதும் சட்டைப் பையில் கைவிட்டேன். என் மகள் சடங்குப் பத்திரிகை ஒன்று இருந்தது. தாய்மாமன் என்று இருளப்பன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். நாலாக மடித்துச் சொருகினேன். மூன்றரைக்கு டீ குடிக்கப் போனேன். எடுக்கவில்லை. மறக்கவில்லை. திரும்பி வந்து மறுபடி சொருக வேண்டுமே என்று எடுக்கவில்லை.'

மரியபுஷ்பம் படித்து முடித்தார்.

"நாலாவா?"

"என்ன டீச்சர்?"

"பத்திரிகைய நாலாவா மடிச்சீங்க?"

"நாலாத்தான். நான்தான மடிச்சேன். வேற யாரு பார்த்தா? சத்தம் கேட்டு ஓடியாந்ததும் மொதல்ல அதத்தான் உருவிப் பைக்குள்ள போட்டேன். அப்புறந்தான் அவனப் பிடிச்சேன். அன்னைக்கே எரிச்சுட்டேன்."

"மொதல்ல அட்டை. அப்புறம் அவரு."

"ஆமா."

"சடங்கு நடந்துச்சா?"

"ஐப்பசியில நடந்துச்சு. கட்டுப்போட்ட கையோட வந்து என் மகளுக்கு மாலை போட்டான். போட்டோ இருக்கு."

மரியபுஷ்பம் டைரியை மூடினார்.

"தங்கையா சம்சாரம் ரெண்டு வருஷம் எங்க பைண்டிங்ல பாரம் மடிச்சாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரியும்?"

"கடைத்தெருவுல பார்த்தா சந்துக்குள்ள போயிருவேன்."

"போயிட்டு, மே ஒண்ணாந்தேதி மேடையில ஏறுவீங்க."

"ஆமா."

"நான் யாரையும் கைநீட்டி அடிச்சதில்ல அண்ணாச்சி. எந்திரிச்சுப் போயிருங்க."

அவர் எழவில்லை. "அடிங்க. அதுக்குத்தான் படியில உக்காந்திருக்கேன்."

மரியபுஷ்பம் அடிக்கவில்லை. எதிரே இருந்த படியில் உட்கார்ந்தார். பால்காரர் வந்து, இருவரையும் பார்த்து, பாலை ஊற்றிவிட்டுப் போனார்.

"இத நாவல்ல போட்டா நான் என்ன ஆவேன் டீச்சர்?"

"அது எனக்குத் தெரியாது."

"போடலைன்னா?"

"அந்த மதுரைக்காரருக்கு மறுபடியும் தபால் செலவு."

"விளையாடாதீங்க. இப்ப நான் என்ன செய்ய?"

"இந்தப் பக்கத்துல உங்களத் தவிர ரெண்டு பேர் இருக்காங்க," என்றார் மரியபுஷ்பம். "ஒருத்தரு செத்துட்டாரு."

இருளப்பன் திருத்தங்கலில் மாவு மில் வைத்திருந்தார். மறுநாள் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குத் தனுஷ்கோடி அங்கே போனார். மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பெண்கள் தூக்குச்சட்டிகளோடு வரிசையில் நின்றார்கள்.

"வாங்க மச்சான். அக்கா சௌக்கியமா?"

"மாப்ள, ஒரு பக்கம் படிச்சுக் காட்டணும்."

"நாவலா? படிங்க."

"மிஷின நிறுத்து."

"நிறுத்துனா பட்டை கழண்டுக்கும். சத்தமாப் படிங்க."

தனுஷ்கோடி கத்திப் படித்தார். மில் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு சொல்லையும் கத்த வேண்டியிருந்தது. இருளப்பன் திரும்பவில்லை. விரல் இல்லாத இடது கையின் விளிம்பால் அரிசியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். 'நாலாக மடித்து' என்ற இடத்தில் அந்தக் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தள்ளியது.

படித்து முடித்ததும் அவர் மில்லை நிறுத்தினார். பட்டை கழன்று விழுந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"போங்க மச்சான்."

"மாப்ள, ஒரு வார்த்த திட்டிரு. செருப்பால அடிச்சிரு."

"மாவுக்கு ஆள் நிக்குது. போங்க."

"டேய் இருளப்பா..."

"என் பேர நீங்க ஏற்கெனவே சொருகிட்டீங்க," என்றார் இருளப்பன். "கூப்பிட வேண்டாம். போங்க."

ஒற்றைக் கையால் பட்டையை மாட்ட ஆரம்பித்தார். வரிசையில் நின்ற ஒரு பெண் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு உதவிக்குப் போனார். தனுஷ்கோடி போகவில்லை. போக முடியவில்லை.

அன்று மாலைக்குள் சீனியம்மாளுக்குச் செய்தி போய்விட்டது. அவர் சமைத்து வைத்தார். சாப்பிடக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு ஐந்தரை மணிக்கு மரியபுஷ்பத்தின் வீட்டுக் கதவு அதிர்ந்தது. கையால் அல்ல, காலால்.

"ஏழு மணி," என்றது குரல்.

"இன்னைக்கு ஏழு மணியும் கிடையாது, எட்டு மணியும் கிடையாது! திறங்க! ஒரு குடும்பத்தையே அத்துவிட்டுட்டு உள்ள உக்காந்து கதை எழுதுறீங்களா?"

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை. தனுஷ்கோடி இன்னும் இரண்டு முறை உதைத்தார். பிறகு நின்றுவிட்டார். ஏழு மணிக்குக் கதவு திறந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார். கால் வீங்கியிருந்தது.

டைரியைத் தரையில் எறிந்தார். "வச்சுக்கங்க. பதினொரு வருஷம் பொய்யா எழுதுனேன், எல்லாரும் என்கூட இருந்தாங்க. அரைப்பக்கம் நிஜம் எழுதுனேன், சோத்துக்குக் கூப்பிட ஆள் இல்ல. இதான் உங்க எழுத்து. இதுக்குத்தான் நீங்க கல்யாணம் காட்சி இல்லாம இருக்கீங்க."

மரியபுஷ்பம் டைரியை எடுத்தார். தூசியைத் தட்டினார்.

"திட்டிட்டாரா?"

"திட்டுனாத் தேவலையே! போங்க மச்சான்னுட்டான். மாவு அரைக்கப் போயிட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு."

"யாருக்கு?"

"என்ன யாருக்கு? எழுதிட்டேன், படிச்சுட்டேன், முடிஞ்சுபோச்சு. இனி அந்தத் தேதியில எழுத என்ன இருக்கு?"

மரியபுஷ்பம் டைரியைப் புரட்டினார். பதினோராவது ஒன்பதாம் தேதியைத் தாண்டி, மிச்சத்தை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்து அவரிடம் நீட்டினார்.

"இன்னும் பன்னெண்டு ஒன்பதாந்தேதி இருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு முடிஞ்சது ஒண்ணுதான்."

தனுஷ்கோடி கையை நீட்டவில்லை. மரியபுஷ்பமும் கையை இறக்கவில்லை. கடைசியில் அவர் வாங்கிக்கொண்டார்.

நாவல் 2021 மார்ச் 14 அன்று மதுரையில் அச்சாகி வந்தது. விழா இல்லை. முப்பத்தொன்றாம் அத்தியாயம் அரைப்பக்கம். தனுஷ்கோடி அதற்கு முந்தைய மே தினங்களிலேயே மேடை ஏறுவதை நிறுத்தியிருந்தார். தங்கையாவின் மகன் கடையில் ஒரு பிரதி வாங்கினார் என்று சொன்னார்கள். அவர் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

முதல் பிரதி திருத்தங்கல் மாவு மில்லுக்குத் தபாலில் போனது. பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தது. கடிதம் இல்லை. உள்ளே ஒரே ஒரு இடத்தில் பேனா பட்டிருந்தது. முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் 'நாலாக மடித்து' என்பதில் முதல் சொல் அடிக்கப்பட்டு, மேலே 'மூணாக' என்று எழுதியிருந்தது.

தனுஷ்கோடி அதைக் கொண்டுபோய் மரியபுஷ்பத்திடம் காட்டினார். மணி ஆறு இருபது. அவர் கதவைத் திறந்தார்.

இரண்டாம் பதிப்பு 2022 அக்டோபர் 9 அன்று வெளிவந்தது. அதில் 'மூணாக' என்று இருக்கிறது.